மச்சான் பட்டறை மரத்தூளும் ரெண்டு முயலும்: என்ன படுக்க போடலாம், என்ன ஜாதின்னு எப்படி பாக்கறது?

தண்டையார்பேட்டையிலேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்கார்: "டாக்டர் அக்கா, மூணு மாசம் முன்னாடி பிராட்வே ஞாயித்துக்கிழம சந்தையில ரெண்டு முயல் வாங்குனேன். ஒண்ணு சுத்த வெள்ள, கண்ணு சிவப்பு, நியூசிலாந்து ஒயிட்டுன்னு குடுத்தாங்க. இன்னொன்னு பழுப்பு, கழுத்த சுத்தி புசுபுசுன்னு முடி, லயன்ஹெட் ட்வார்ஃப் இதுக்கு மேல வளராதுன்னாங்க, ஆனா இப்ப டபுள் மடங்கு ஆயிடுச்சி. ரெண்டுக்கும் ஒரே கம்பி வல கூண்டு, அடியில மச்சானோட தச்சுப் பட்டறை மரத்தூள் போடுறேன், ஃப்ரீயா வருது. ஒரு வாரமா ரெண்டும் தும்முது. வெள்ளைக்கு பின்னங்கால் அடியில முடி போயி செவந்திருக்கு. என்ன படுக்க போடலாம்? இது ரெண்டும் உண்மையிலயே என்ன ஜாதி?"

தம்பி, நீங்க ரெண்டு கேள்வின்னு நெனச்சி கேட்டிருக்கீங்க, எனக்கு ஒரே கேள்வியா தான் தெரியுது. முயலோட ஜாதி பேர் எதுக்கு வேணும்னா அதோட கால் எப்படி, முடி எப்படி, எடை எவ்ளோ வரும்னு தெரிஞ்சிக்கத்தான், அந்த மூணும் தெரிஞ்சா என்ன படுக்க போடணும்னு தானா தெரிஞ்சிடும். சர்டிபிகேட்டுக்கு பேர் வேணும்னா அது வேற கத, நம்ம ஊர்ல விக்கிற முயல்ல முக்காவாசி கலப்பு தான், அதுல ஒண்ணும் கொறையும் இல்ல.

மொதல்ல தும்மல், ஏன்னா அது தள்ளிப்போடுற விஷயம் இல்ல. முயல் மூக்கால மட்டும் தான் மூச்சு விடும், வாயத் தொறந்து மூச்சு விடுதுன்னா நெலம ரொம்ப மோசம்னு அர்த்தம். அந்த மூக்கு எப்பவும் தரையோட ஒட்டித்தான் இருக்கு. தச்சுப் பட்டறையில விழுற தூள்ல என்னென்ன இருக்கும்னு மச்சானையே கேட்டுப் பாருங்க, தேக்கு இருக்கும், பிளைவுட் இருக்கும், எம்டிஎஃப் போர்டு இருக்கும், உப்புத்தாள் போட்டு தேச்ச மாவு மாதிரி தூசு இருக்கும், பாலிஷோ தின்னரோ கொட்டுன எடத்துலேர்ந்து வாரியிருப்பாங்க. பிளைவுட்லயும் எம்டிஎஃப்லயும் ஒட்டுற பசையில ஃபார்மால்டிஹைடுன்னு கண்ணு மூக்க எரிக்கிற கெமிக்கல் இருக்கு. தேக்குத்தூள் மனுஷனுக்கே அரிப்பு, தும்மல் குடுக்கும், பட்டறையில வேல செய்யறவங்களுக்கு இது நல்லாவே தெரியும். இதுக்கு மேல மூத்திரம் ஊறுனா அமோனியா வேற. நீங்க கூண்டுக்கிட்ட குனிஞ்சி மூக்க வெச்சி பாருங்க, கண்ணு எரியுதுன்னா அது 24 மணி நேரமும் அதுலயே படுத்திருக்குன்னு நெனச்சிக்குங்க.

இன்னிக்கே தூள எல்லாம் அள்ளிப் போட்டுட்டு முயலத் தூக்கி முன்னங்கால் உள்பக்கம் பாருங்க. சளி வந்தா முயல் முன்னங்காலால தான் மூக்க தொடைக்கும், அதனால அங்க முடி ஒட்டிக்கிட்டு சடையா, பிசுபிசுன்னு இருக்கும். கால் சுத்தமா இருக்கு, மூக்கும் காஞ்சிருக்கு, படுக்கைய கெளறும்போது மட்டும் தும்முதுன்னா தூசு தான் காரணமா இருக்கலாம், படுக்க மாத்துனா ரெண்டு மூணு நாள்ல கொறையணும். கொறையலன்னா, இல்ல வெள்ளையா சளி வருதுன்னா, பாஸ்டுரெல்லா மாதிரி கிருமி புடிச்சிருக்க வாய்ப்பு இருக்கு, டாக்டர் கிட்ட காட்டித்தான் ஆகணும். ஒரு விஷயம் கையெடுத்து கும்புட்டு கேட்டுக்குறேன், வீட்ல கொழந்தைக்கு வாங்குன அமாக்ஸிசிலின் சிரப்ப ரெண்டு சொட்டு ஊத்திடாதீங்க. முயல் குடல்ல இருக்குற நல்ல பாக்டீரியாவ அது காலி பண்ணிடும், கழிச்சல் வந்து செத்துடும். சளிக்கு மருந்து குடுத்தேன்னு சொல்லிக்கிட்டு உயிர் போற நெலமையில தூக்கிட்டு வந்தவங்கள நானே பாத்திருக்கேன்.

சரி, கால். நாய்க்கும் பூனைக்கும் பாதத்துல மெத்து மெத்துன்னு கறுப்பு மெத்த இருக்கும் பாத்திருக்கீங்களா, முயலுக்கு அது கெடையாது. அடியில வெறும் முடி தான், அந்த முடி தான் அதுக்கு செருப்பு. கம்பி வல மேல நாள் பூரா ஒக்காந்தா மொத்த எடையும் குதிகாலுக்கு அடியில ஒரு எடத்துல போய் அழுத்தும், முடி தேயும், தோல் செவக்கும், அப்புறம் புண்ணாகி சீழ் புடிக்கும், எலும்பு வரைக்கும் கூட போகும். உங்க வெள்ள முயல் செவப்பு ஸ்டேஜ்ல இருக்கு. தோல் கிழியல, ரத்தம் வரல, வீக்கம் இல்லன்னா தரைய மாத்துனாலே பெரும்பாலும் தேறிடும். பொருக்கு தட்டியிருந்தாலோ வீங்கியிருந்தாலோ வேப்பேரி கால்நடை கல்லூரி ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போங்க, நூறு வருஷத்துக்கு மேல இருக்குற எடம், நாய் பூனைக்கு மட்டும்னு நெனச்சி நெறைய பேர் முயல கொண்டு போறதில்ல. மஞ்சளும் தேங்கா எண்ணெயும் கொழச்சி தடவுறது வேணாம், நக்கிடும், எண்ணெயில முடி ஒட்டி இன்னும் ஈரமாத்தான் ஆவும். நகம் நீளமா வளந்திருந்தா அதையும் வெட்டிடுங்க, நகம் நீண்டா பாதம் பின்னாடி சாயும், எடை பூரா குதிகாலுக்கு போயிடும்.

இப்ப ஜாதிக்கு வருவோம்.

வீட்ல வளக்குற முயல் அத்தனையும் ஐரோப்பா காட்டு முயல் ஒரே இனத்துலேர்ந்து வந்தது தான். அதுலேர்ந்து மனுஷன் பிரிச்சி பிரிச்சி, அமெரிக்க முயல் வளப்போர் சங்கம் மட்டுமே 50க்கு மேல ஜாதிய ஏத்துக்கிட்டிருக்கு. நம்ம தமிழ்நாட்டுல பண்ணையில வளத்ததுன்னு பாத்தா ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா, நியூசிலாந்து ஒயிட், கிரே ஜெயன்ட் இப்படி சில தான், இதெல்லாம் கறிக்காக கொண்டு வந்த பெரிய முயல். ஊட்டி பக்கம் சாண்டிநல்லாவுல, கொடைக்கானல் மன்னவனூர்ல இருக்குற அரசாங்க ஆராய்ச்சி நெலையங்கள்ல இந்த மாதிரி முயல வெச்சி வேல நடக்குது. ரெண்டுமே குளிரு ஊரு, அத கவனிச்சிக்குங்க.

உங்க வெள்ள முயல் இந்த கூட்டத்துல ஒண்ணு தான். சிவப்புக் கண்ணுன்னா அல்பினோ, அவ்ளோ தான் அதுக்கு அர்த்தம், அத வெச்சி மட்டும் நியூசிலாந்துன்னு சொல்லிட முடியாது. இன்னொரு வேடிக்க, நியூசிலாந்து ஒயிட்ட உருவாக்குனது அமெரிக்காவுல, நியூசிலாந்துல இல்ல. நல்ல நியூசிலாந்து 4லேர்ந்து 5 கிலோ வரும், ஒடம்பு உருண்டையா, இடுப்பு அகலமா, காது நிமுந்து கெட்டியா இருக்கும். ஒயிட் ஜெயன்ட்டும் அந்த எடைக்கு வரும், ரெண்டையும் கலந்தே ரொம்ப நாளா வளத்துட்டதால கண்ணால பாத்து பிரிக்கறேன்னு யாராவது சொன்னா நான் நம்ப மாட்டேன். உங்களுக்கு அது தேவையும் இல்ல. 4 கிலோவுக்கு மேல போகப்போற முயல், அதனால கம்பி வல அதுக்கு ஆகவே ஆகாது, இது தான் அந்த பேர்லேர்ந்து உங்களுக்கு வேண்டிய சேதி.

வெள்ள ஒடம்புல மூக்கு, காது, கால், வால் மட்டும் கறுப்பா இருந்தா கலிஃபோர்னியன் இல்ல ஹிமாலயன், பெருசா இருந்தா மொதல்லது, 2 கிலோவுக்குள்ள ஒல்லியா நீளமா இருந்தா ரெண்டாவது. இந்த கறுப்பு குளிருக்கு தான் வரும், ஒடம்புல குளுந்த பாகத்துல மட்டும் நெறம் ஏறும், அதனால நம்ம ஊரு வெயில்ல வளந்தது வெளிறிப்போயி அழுக்கு சாம்பல் மாதிரி தெரியும், உடனே ஏமாத்திட்டாங்கன்னு சண்டைக்கு போகாதீங்க. மூஞ்சில வெள்ள பட்ட, முன்பாதி ஒடம்பு வெள்ள, பின்பாதி கறுப்புன்னா டச்சு, சந்தையில பாண்டான்னு சொல்லி விப்பாங்க. காது தொங்குனா லாப். முடி குட்டையா வெல்வெட் துணி மாதிரி இருந்தா ரெக்ஸ், இது அழகு தான், ஆனா காலுக்கு அடியிலயும் முடி அதே குட்ட தான், அதனால எல்லா ஜாதியிலயும் மொதல்ல கால் புண்ணாகுறது இது தான். ரெக்ஸ் வாங்குறவங்க சைக்கிள் வாங்குறதுக்கு முன்னாடி டயர் பாக்குற மாதிரி கால தூக்கி பாத்துட்டு வாங்கணும்.

உங்க பழுப்பு குட்டி. "வளராது"ன்னு சொன்ன கத ரொம்ப பழசு தம்பி. உண்மையான நெதர்லாந்து ட்வார்ஃப் வளந்தாலும் 1.1 கிலோவுக்கு மேல போகாது, காது 5 சென்டிமீட்டர் தான் இருக்கும், தல உருண்டையா ஒடம்போட பாக்க பெருசா இருக்கும், அப்படி ஒண்ண நம்ம ரோட்டு ஓரத்துல வெச்சி விப்பாங்கன்னு எனக்கு தோணல. நடக்குறது என்னன்னா, 8 வாரம் அம்மா கிட்ட இருக்க வேண்டிய குட்டிய 4 வாரத்துலயே பிரிச்சி கொண்டு வந்து, சின்னதா இருக்கறத காட்டி ட்வார்ஃப்னு விக்கறது. பால் மறக்காத குட்டி கழிச்சல் வந்து ஒரு வாரத்துல செத்துடும், வாங்குனவங்க நம்ம கை ராசி இல்லன்னு நெனச்சிப்பாங்க. உங்களுது பொழச்சிருக்கு, சந்தோஷம்.

அந்த கழுத்து முடிய பத்தி. லயன்ஹெட்டுக்கு பிடரி வர்றது ஒரே ஒரு ஜீனால, அது அப்பா அம்மா ஒருத்தர் கிட்டேர்ந்து வந்தாலே கொஞ்சம் முடி வரும், ஆனா அப்படி வந்த முடி வயசாக ஆக உதிந்து நெத்தியில மட்டும் நாலு முடி நிக்கும். ரெண்டு பேர்கிட்டேர்ந்தும் வந்திருந்தா பிடரி தங்கும், இடுப்புப் பக்கமும் பாவாட மாதிரி முடி தொங்கும். அதனால 6, 7 மாசம் ஆனப்புறம் பாருங்க. உங்களுது இப்பவே டபுள் ஆயிடுச்சின்னா லயன்ஹெட் கலப்புன்னு தான் நெனக்குறேன், சுத்தமான லயன்ஹெட் 1.7 கிலோவ தாண்டாது. பக்கத்து கறிக்கடை தராசு வேணாம், பாவம் அதுக்கே ஒரு மாதிரி இருக்கும், கிச்சன் தராசு மேல ஒரு கூடைய வெச்சி வாரம் ஒருவாட்டி எடை எழுதி வைங்க.

நடுவுல ஒண்ணு. பழுப்பு முயல்னு சொன்னதால கேக்குறேன், காட்டு முயல் குட்டி இல்லையே? செங்குன்றம், பொன்னேரி பக்கம் வயல்ல புடிச்சதுன்னு சொல்லி சில பேர் விப்பாங்க. நம்ம ஊரு காட்டு முயல் ஐரோப்பா முயல் இல்ல, வேற இனம், அதுக்கு பிடரியில கறுப்பா ஒரு திட்டு இருக்கும், காலும் காதும் ரொம்ப நீளம், கிட்ட போனாலே ஒதறும். பொறக்கும்போதே முடியோட, கண்ணு தொறந்து பொறக்கும், வளப்பு முயல் குட்டி மொட்டையா கண்ணு மூடித்தான் பொறக்கும். காட்டு முயல வீட்ல வெக்கறது 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி குத்தம். உங்களுதுக்கு கழுத்து முடி இருக்குன்னதால அந்த பயம் இல்ல.

இப்ப படுக்க. மொதல்ல கூண்டுக்குள்ள கம்பி மேல கெட்டியா ஒரு தரை வேணும், பலகையோ தடிமனான அட்டைப்பெட்டிய பிரிச்சோ போடுங்க. பலகைன்னதும் நம்ம ஏரியாவுல எல்லாரும் ஹார்பர்லேர்ந்து வர்ற பாக்கிங் கட்டைய தான் தூக்கிட்டு வருவாங்க, கூண்டே அதுல தான் அடிப்பாங்க. அந்த கட்டையில ஒரு முத்திரை சூடு வெச்சிருக்கும் பாருங்க, ஹெச்டி (HT)ன்னு இருந்தா சூடு காட்டி பூச்சி கொன்னது, பரவால்ல. எம்பி (MB)ன்னு இருந்தா மெத்தில் புரோமைடு வாயு அடிச்சது, அத முயல் கடிக்கிற எடத்துல வெக்காதீங்க. முத்திரையே இல்லாம எண்ணெய் கற, கெமிக்கல் வாசன அடிச்சாலும் வேணாம்.

தரை மேல 8, 10 தாள் நியூஸ்பேப்பர், பளபளன்னு இருக்குற விளம்பர தாள தனியா எடுத்துடுங்க. அது மேல வெள்ளைக்கு ரெண்டு இஞ்ச் வைக்கோல். நல்ல வைக்கோல் மஞ்சளா, காஞ்ச வாசனையோட இருக்கும், கறுத்துப்போயி புழுங்குன வாசன வந்தா பூஞ்சை, மாட்டுக்கு கூட போடாதீங்க. ஐப்பசி கார்த்திகையில வைக்கோல் வாங்குனா ரெண்டு நாளைக்கு மேல சேத்து வெக்காதீங்க, வெச்சாலும் மூடி போட்ட டிரம்ல, இல்லன்னா பெருச்சாளி வந்து அதுல மூத்திரம் போயிட்டு போயிடும், எலிக் காய்ச்சல் முயலுக்கு மட்டும் இல்ல உங்களுக்கும் வரும்.

பழுப்புக்கு வைக்கோல் வேணாம், மரச்சீவலும் வேணாம், நீட்டு முடியில சிக்கி சிக்கி சடையாகி பின்பக்கம் அழுக்கு ஒட்டிக்கும், மழைக்காலத்துல ஈ வந்து முட்ட வெச்சி புழு வெச்சிடும், ஒரே நாள்ல. அதுக்கு பேப்பர் மேல ஒரு கோரைப் பாய் துண்டு போடுங்க, சாயம் போடாத பாயா பாத்து, ஊடால நைலான் நூல் போட்டு நெய்ஞ்சதா இல்லாம, கடிச்சாலும் கோரை தான், தப்பில்ல. பிளாஸ்டிக் பாய் கிட்டயே விடாதீங்க. பழைய காட்டன் பொடவ போடலாமான்னு நெறைய பேர் கேப்பாங்க, கடிக்காத முயலா இருந்தா ஓகே, ஆனா நூல் பிரிஞ்சா விரல்ல சுத்திக்கிட்டு ரத்த ஓட்டம் நின்னுடும், இல்ல முழுங்கிடும். முயலால வாந்தி எடுக்க முடியாது, உள்ள போனது முன்னாடி தான் போகணும், அடச்சிக்கிட்டா ஆள் காலி. இதே காரணத்துக்கு தான் பூனை கக்கூஸ் போக விக்கிற, ஈரம் பட்டா கட்டி கட்டியா புடிக்கிற மண்ணும் வேணாம்ங்கறேன், வயித்துல போயும் அது கட்டி தான் புடிக்கும்.

உமி, தேங்காநார் தூள் இதெல்லாம் கோழிக்கு போடுறாங்களேன்னா, கோழி வேற முயல் வேற, உமி கண்ணுல குத்தும், நார் தூள் தூசு. தேவதாரு, காயாத பைன் மரத்தோட சீவலும் வேணாம், அந்த நல்ல வாசன வர்றதே அதுல இருக்குற ஒரு எண்ணெயால, அது முயலோட மூச்சுக்கும் ஈரலுக்கும் ஆகாது. அதே பைன சூடுல காய வெச்சி குச்சி குச்சியா அழுத்தி பெல்லட்டுன்னு பூனைக்கு விக்கறாங்க, வாசன போயிருக்கும், தூசு இல்ல, அது தாராளமா போடலாம், ஆனா படுக்கையா இல்ல, கக்கூஸ் டிரேவுல.

அந்த டிரே தான் உங்க செலவ கொறைக்கிற எடம். முயல் கண்ட எடத்துல மூத்திரம் போகாது, ஒரு மூலைய புடிச்சிக்கும். எந்த மூலைன்னு ரெண்டு நாள் பாத்து அங்க ஒரு பிளாஸ்டிக் டிரே, அடியில பெல்லட் ஒரு கை, இல்லன்னா கிழிச்ச பேப்பர், மேல கொஞ்சம் காஞ்ச புல். தின்னுக்கிட்டே போறது அதோட பழக்கம், புல்லு அங்க இருந்தா தானா அங்கயே போகும். ஒரு வாரத்துல பழகிடும், மத்த படுக்க காய்ஞ்சே இருக்கும், வாரம் ஒருவாட்டி மாத்துனா போதும், டிரே மட்டும் தெனம். கழுவ பினாயில் வேணாம், வினிகர் ஊத்தி ஊற வெச்சா அந்த வெள்ள சுண்ணாம்பு பொருக்கு கழண்டு வந்துடும். முயல் மூத்திரத்துல சுண்ணாம்பு வர்றது சகஜம், அளவுக்கு மீறி கொழகொழன்னு வந்தா குதிரைமசால (லூசர்ன் தீவனம்) கொறைங்க. ஆரஞ்சாவோ சிவப்பாவோ போனாலும் பல நேரம் தீனில இருக்குற நெறம் தான், கஷ்டப்பட்டு முக்கிப் போனா மட்டும் ஓடி வாங்க.

வெயில் காலத்துக்கு வேற கணக்கு. 28, 30 டிகிரிய தாண்டுனாலே முயலுக்கு கஷ்டம், கத்திரில நம்ம ஊரு 40ஐ தொடும். நான் புளியந்தோப்புல ஸ்கூல் படிக்கும்போது மொட்ட மாடியில ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு கீழ, குளுராம இருக்கட்டும்னு இவ்ளோ உசரத்துக்கு வைக்கோல் அடச்சி ஒரு முயல் வெச்சிருந்தேன், மே மாசம் ஒரு நாள் மத்தியானம் ஸ்பெஷல் கிளாஸ் முடிச்சிட்டு வந்து பாத்தா காது ரெண்டும் நெருப்பா இருந்துச்சி, சாயங்காலம் வரைக்கும் கூட தாங்கல. முயலுக்கு வேர்க்காது, காது வழியா தான் சூட்ட வெளிய விடும். அதனால ஏப்ரல்லேர்ந்து வைக்கோல பாதியாக்கிடுங்க, ஒரு மூலையில வெறும் டைல்ஸ் துண்டோ கடப்பா கல்லோ போட்டு வைங்க, மத்தியானம் பாட்டில்ல தண்ணி ஐஸாக்கி துணி சுத்தி பக்கத்துல வெச்சா அதுல சாஞ்சி படுத்துக்கும். பிடரி முடிக்காரனுக்கு இடுப்பு முடிய கத்திரிக்கோலால மட்டமா வெட்டி விட்டுடுங்க.

இன்னும் ஒண்ணு. ரெண்டும் ஒரே கூண்டுல இருக்குன்னு எழுதியிருக்கீங்க, ரெண்டும் பொம்பளன்னு சொல்லி தான் குடுத்திருப்பாங்க. திடீர்னு ஒண்ணு வாயில வைக்கோல கவ்விக்கிட்டு மூலைக்கு மூல ஓடுது, நெஞ்சு முடிய பிச்சி பிச்சி போடுதுன்னா அது படுக்க பத்தலன்னு இல்ல, குட்டி போடப்போகுதுன்னு அர்த்தம். 31 நாள் கணக்கு தான், போட்ட அன்னிக்கே திரும்ப சென புடிக்கும். 4 மாசம் ஆயிடுச்சி, அதனால ஆஸ்பத்திரி போறப்ப அதையும் பாத்து சொல்லச் சொல்லுங்க, அது வரைக்கும் நடுவுல ஒரு தடுப்பு போடுங்க. 12 மணி நேரம் தீனி தொடல, புழுக்க போடலன்னா மட்டும் காலைல பாத்துக்கலாம்னு விடாதீங்க, அன்னிக்கே தூக்கிட்டு ஓடணும்.

மச்சான் கிட்ட தூள் வேணாம்னு சொன்னா கோச்சிப்பாரேன்னா, மூட்டைய வாங்கி வைங்க, வண்டி ஆயில் ஒழுகுற எடத்துல போட அத விட நல்லது எதுவும் இல்ல. அவர் ஃப்ரீயா குடுக்கணும்னு நெனச்சா ரந்தா (இழைப்புளி) போட்டா சிதறாத, கெமிக்கல் படாத பலகையில கூண்டுக்கு ஒரு தரை இழைச்சி குடுக்கச் சொல்லுங்க, ஓரம் எல்லாம் வழவழன்னு, பாலிஷ் போடாம.